பதினான்கு நகங்கள்

பிரிக்கவொண்ணாத உறவுக்கு 'நகமும் சதையும் போல' என்று நம் முன்னோர் உவமை சொல்லிப் போந்தனர். அவ்வாறு உவமை சொன்ன அதே மக்கள்தாம் நகத்தை அவ்வப்போது களைந்து எறிந்தும் வந்தனர். இதில் முரண் ஏதுமில்லை. சதையைத் தாண்டி வளர்ந்த நகம் உணர்வற்றது; அதை அகற்றினால் வலியில்லை. சதையோடு ஒட்டி நிற்கும் பகுதியில் கத்தி பட்டாலோ உயிர் போகிறது. உணர்வோடு கூடிய அவ்விடத்திற்கு 'நகக்கண்' என்று பெயர். விரல் நுனியில் ஒரு கண் இருப்பதாகக் கண்டவன் யாரோ, அவன் பிறருக்கு நகம் களைந்து பழகியவனாகவே இருத்தல் வேண்டும்.

மறைநூலில் நகத்தைப் பற்றிய குறிப்புகள் சிலவே. போரில் சிறைப்பட்ட பெண்ணை மணக்க விரும்புகிறவனின் வீட்டிற்கு வந்தபின் அப்பெண் தலையை மழித்து நகங்களைக் களைய வேண்டும் என்கிறது இணைச்சட்ட நூல் (21:12). இன்னொரு குறிப்பு தானியேல் நூலில் உள்ளது (4:33). பாபிலோனின் பேரரசன் நெபுகத்னேசர் மதியிழந்து, மனிதரிடையே இருந்து விரட்டப்பட்டு, மாட்டைப் போலப் புல் மேய்ந்து திரிந்த நாள்களில், அவனுடைய நகங்கள் பறவையின் நகங்களைப் போல நீண்டன என்று அங்கே வாசிக்கிறோம். அரியணை போனதையும் அரண்மனை போனதையும் சொன்ன ஆசிரியர், நகத்தையும் ஏன் சொல்ல வேண்டும்? ஓர் உயிரைக் கவனிப்பார் இல்லை என்பதைச் சத்தமின்றிக் காட்டிக்கொடுப்பது நகம் என்பதை அவர் அறிந்திருந்தார் போலும்.

பங்குப் பணியில் உள்ள குருக்கள் யாவரும் இதை அறிவர். முதல் வெள்ளிக்கிழமைகளில் நோயாளிகளுக்கு நற்கருணை கொண்டு செல்கிறோம். சாமியார் வருகிறார் என்று வீட்டைக் கூட்டி, படுக்கை விரிப்பை மாற்றி, மேசைமேல் வெள்ளைத் துணி விரித்து, மெழுகுதிரி ஏற்றி வைத்திருப்பார்கள். எல்லாம் செம்மையாக இருக்கும். போர்வைக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் அந்த முதியவரின் கால்விரல்களைப் பார்த்தால் உண்மை தெரிந்துவிடும். விரிப்பை ஒரு மணி நேரத்தில் மாற்றிவிடலாம். நகம் மாதக் கணக்கைச் சொல்லும்.

இப்படிப் பலமுறை கண்டும் அதைக் கோவையாகச் சிந்திக்கும்படி நம்மைத் தூண்டியது ஒரு சிறு கொறிவிலங்கு என்றால் வாசக அன்பர்கள் நகைக்கக்கூடும். ஒரு குடும்பத்தின் துயரம் இதில் அடங்கியிருப்பதால், அக்குடும்பத் தலைவரின் இசைவைப் பெற்ற பின்னரே எழுதத் துணிந்தோம்.

நம் பங்கில் ஒரு பேருந்து ஓட்டுநர் இருக்கிறார். அவருடைய மனைவி புற்றுநோயால் ஓராண்டு துன்புற்று ஒரு தவக்காலத்தில் இறைவனடி சேர்ந்தார். ஒரே மகள், ஆறாம் வகுப்பில் படிக்கிறாள். முப்பதாம் நாள் திருப்பலி முடிந்து இரண்டு மாதங்கள் கழிந்திருக்கும். ஒரு ஞாயிறன்று மறைக்கல்வி வகுப்பு முடிந்ததும் அச்சிறுமி ஓர் அட்டைப்பெட்டியுடன் அறைவீட்டு வாசலில் வந்து நின்றாள். பெட்டியினுள்ளே வெண்மையும் பழுப்புமாய் ஒரு கினிப்பன்றி. பின்னங்கால்களுள் இடப்புறம் மட்டும் கறுப்பு.

"ஃபாதர், இது காலைத் தூக்கித் தூக்கி வைக்குது" என்றாள்.

எடுத்துப் பார்த்தோம். நகங்கள் வளர்ந்து வளைந்து, பக்கவாட்டில் திரும்பியிருந்தன. முன்னங்கால் ஒன்றில் நகத்தின் முனை உள்ளங்காலைத் தொட்டுக்கொண்டிருந்தது. இன்னும் சில வாரங்கள் விட்டிருந்தால் சதைக்குள் இறங்கியிருக்கும். பாதம் புண்ணாகிச் சீழ் வைத்திருக்கும். இதுவரை யார் வெட்டினார்கள் என்று கேட்டோம். "அம்மாதான். நான் பிடிச்சுக்குவேன், அம்மா வெட்டுவாங்க" என்றாள். பிடிக்கத் தெரிந்தவள் இருந்தாள். வெட்டத் தெரிந்தவர் போய்விட்டார்.

இந்த உயிரினத்தைப் பற்றிச் சில சொற்கள் சொல்லியாக வேண்டும். இது பன்றியும் அன்று, ஆப்பிரிக்காவின் கினி நாட்டிலிருந்து வந்ததும் அன்று. நம்மவர் சிலர் இதைச் சீமைப்பெருச்சாளி என்றனர், பெருச்சாளியும் அன்று. தென் அமெரிக்காவின் ஆண்டீஸ் மலைத்தொடரே இதன் தாயகம். அங்குள்ள மக்கள் பல ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே இதை வீட்டில் வளர்க்கத் தொடங்கினர். இது எழுப்பும் ஒலியை ஒட்டிக் 'கூய்' என்று பெயரிட்டனர். அவர்களுக்கு இது செல்லப்பிராணி அன்று, விருந்துணவு. பெரு நாட்டின் கூஸ்கோ பேராலயத்தில் மார்க்கோஸ் சபாத்தா என்னும் ஓவியர் 18ஆம் நூற்றாண்டில் தீட்டிய இறுதி இராவுணவு ஓவியம் ஒன்று உண்டு. அதில் ஆண்டவருக்கும் திருத்தூதர்களுக்கும் முன்னே தட்டில் கிடப்பது ஆட்டுக்குட்டியன்று. கினிப்பன்றி என்றே பலரும் சொல்கின்றனர். தம் வீட்டுப் பெருவிருந்தை ஆண்டவரின் பந்தியிலும் வைத்துப் பார்த்த அந்த மக்களின் பக்தியை நாம் குறைத்து மதிப்பதற்கில்லை.

ஆய்வுக்கூடங்களும் இதை விட்டு வைக்கவில்லை. இராபர்ட் காக் 1882இல் காசநோய்க் கிருமியை உலகுக்கு அறிவித்தபோது அவருடைய சோதனைகளுக்கு உடல் தந்தவை இவையே. நம்மைப் போலவே இதன் உடலும் வைட்டமின் 'சி'யைத் தானே உண்டாக்கிக்கொள்ள இயலாதது. 1907இல் நார்வே நாட்டின் ஆக்செல் ஹோல்ஸ்ட், தியோடர் ஃப்ரோலிக் என்னும் இருவர், தானியம் மட்டுமே உண்ட கினிப்பன்றிகளுக்கு ஸ்கர்வி நோய் வருவதைக் காட்டினர். பல்லீறு கசிந்து மாலுமிகளை மாய்த்த நோயின் மர்மம் விலகுவதற்கு இது வழிகோலியது. (நம் ஊரில் வளர்ப்பவர்கள் கொய்யாத்துண்டு சிறிது கொடுத்தால் போதும், அந்த ஓட்டுநர் வீட்டுக் கொல்லையில் கொய்யா மரம் இருந்தது நல்லதாயிற்று.) மனிதனுக்காக இத்துணை பட்ட ஓர் உயிருக்கு மனிதன் மாதம் ஒருமுறை நகம் வெட்டிவிடுவது பெரிய கைம்மாறு ஆகாது.

மலைச்சரிவின் கரட்டுத் தரையில் ஓடித் திரிந்த இனத்திற்கு நகம் தானே தேய்ந்திருக்கும். கூண்டுக்குள் வைக்கோலின்மீது உட்கார்ந்திருப்பதற்கு எப்படித் தேயும்? கூண்டில் அடைத்தவன் நாம்; ஆகையால் களைய வேண்டியவனும் நாமே. குளிர்மலையில் பிறந்த ஓர் இனத்தை நம் சித்திரை வெயிலில் அடைத்து வைப்பது முறைதானா என்பது வேறு கேள்வி. வாங்காதிருப்பதே நன்று என்பது நம் கருத்து. ஆயினும் வந்துவிட்டதை என் செய்வது?

மறுநாள் அச்சிறுமியையும் அவள் தந்தையையும் கூட்டிக்கொண்டு அரசுக் கால்நடை மருத்துவமனைக்குச் சென்றோம். சினைப்பசுவும் வெள்ளாடும் சண்டைச்சேவலும் வரிசையில் நின்ற இடத்தில் நம் அட்டைப்பெட்டியும் நின்றது. இளம் மருத்துவர் பொறுமைசாலி. நம்மை மேசையருகே நிற்கவைத்துச் சொல்லிக்கொடுத்தார். முன்னங்கால்களில் நான்கு நான்கு, பின்னங்கால்களில் மூன்று மூன்று. ஆக 14 நகங்கள். மடியில் துணி விரித்து, ஒரு கையை மார்புக்கடியில் கொடுத்து, மறுகையால் பின்புறத்தைத் தாங்க வேண்டும். கால்கள் அந்தரத்தில் தொங்கினால் அஞ்சித் துள்ளும். மேசையிலிருந்து விழுந்தால் எலும்பு முறியும். வெண்ணகமாயின் வெளிச்சத்தில் பிடித்தால் உள்ளே செந்நிறக் கோடு தெரியும். அதுவே நகக்கண். அதற்கு முன்னே சிறிது இடம் விட்டு, கூரான நகவெட்டியால் ஒரே வெட்டு. மழுங்கிய நகவெட்டி நகத்தை வெட்டாது, நசுக்கும். தப்பித்தவறி இரத்தம் கசிந்தால் சோளமாவைத் தொட்டு அழுத்திப் பிடித்தால் நின்றுவிடும்.

விளக்கு வைத்தபின் நகம் வெட்டாதே என்று நம் பாட்டிமார் தடுத்தது நினைவுக்கு வந்தது. மூதேவி வருவாள் என்று காரணம் சொன்னார்கள். உண்மைக் காரணம் வெளிச்சம்தான் என்று அன்று அந்த மேசையருகே தோன்றியது.

அதன்பின் மருத்துவர் சொன்ன ஒன்றே நம்மைப் பல நாள் விட்டகலவில்லை. வெட்டாமல் விட்ட நகம் நீளும்போது உள்ளிருக்கும் சதையும் அதனோடு சேர்ந்து நீண்டுவிடுமாம். ஆகவே நெடுநாள் வளர்ந்ததை ஒரே நாளில் உரிய அளவுக்குக் கொண்டுவர முயன்றால் இரத்தம் பெருகும். இன்று நுனியை மட்டும் எடுக்க வேண்டும். பத்து நாள் கழித்து இன்னும் சிறிது. அப்படி எடுக்க எடுக்கச் சதை மெல்லப் பின்வாங்கிக்கொண்டே போகும்.

கால் நூற்றாண்டுக்கும் மேலாகப் பாவசங்கீர்த்தனம் கேட்டு வருகிறவருக்கு இது கேட்டறியாத செய்தியா? இருபது ஆண்டுகள் குடித்தவன், தன் உடன்பிறந்தானோடு பதினைந்து ஆண்டுகள் பேசாதவன், இவர்களிடத்தில் தீமை எங்கே முடிகிறது, மனிதன் எங்கே தொடங்குகிறான் என்று பிரித்துக் காண்பது அரிது. உயிருள்ள சதை அதற்குள்ளேயே வளர்ந்து போயிருக்கிறது. குருமடத்தில் அறநெறி இறையியல் கற்பித்த முதிய பேராசிரியர் ஒருவர் 'படிப்படியாக' என்ற சொல்லை அடிக்கடி சொல்லுவார். இளமையின் வேகத்தில் அது நமக்குச் சமரசமாகத் தோன்றிற்று. கால்நடை மருத்துவமனையின் தகரமேசை அவர் பக்கம் சாட்சி சொல்லியது.

கறுப்பு நகம் இன்னும் கடினம். உள்ளே எங்கே சதை இருக்கிறது என்று வெளியிலிருந்து தெரியாது. அடியிலிருந்து கைவிளக்கை அடித்துப் பார்த்தால் சில வேளை நிழல் தெரியும். சில வேளை அதுவும் தெரியாது. துகள் துகளாக எடுத்து, வெட்டுமுகத்தின் நடுவே ஈரமான கரும்புள்ளி தென்பட்டதும் நிறுத்திக்கொள்ள வேண்டும். நம் கினிப்பன்றிக்கு இடப்பின்னங்காலின் மூன்று நகங்களும் கறுப்பு.

இதற்கிடையில் பங்கின் பெரியவர் ஒருவர் நம்மிடம் வந்தார். "சாமி, கஞ்சிக்கு வழியில்லாத குடும்பங்கள் இருக்கையில் எலிக்கு நகம் வெட்டிக்கொண்டிருக்கிறீர்களே" என்று முகத்துக்கு நேரே கேட்டார். கேள்வியில் நியாயம் இருந்தது. 1992இல் வெளியான கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூலும் இதே தராசைத்தான் பிடிக்கிறது. விலங்குகளுக்குத் தேவையின்றித் துன்பம் தருவது மனித மாண்புக்கு முரண் என்று ஒரு தட்டில் வைக்கிறது. மனிதரின் வறுமையைத் துடைக்க வேண்டிய பணத்தை விலங்குகளுக்குச் செலவிடுவது தகாது, மனிதருக்கே உரிய அன்பை அவற்றின்பால் திருப்புவதும் தகாது என்று மறுதட்டில் வைக்கிறது (2418). திருத்தந்தை பிரான்சிஸ் 2015இல் எழுதிய சுற்றுமடல், உயிரினங்களை நாம் நடத்தும் முறை விரைவிலோ பின்னரோ மனிதரை நடத்தும் முறையாகிவிடும் என்கிறது. பெரியவரிடம் இவற்றையெல்லாம் நாம் அடுக்கவில்லை. பெட்டியைக் கொண்டுவந்தவள் யார் என்று மட்டும் சொன்னோம். அவர் சற்று நேரம் நின்றார். மறுவாரம் தம் வீட்டுத் தோட்டத்துக் கொத்தமல்லித் தழையைக் கட்டாகக் கொடுத்தனுப்பினார்.

நம் சிற்றாலயங்கள் பலவற்றில் கையில் துடைப்பத்துடன் நிற்கும் புனித மார்ட்டின் தெ போரஸை வாசகர் கண்டிருப்பர். நாயும் பூனையும் எலியும் ஒரே கிண்ணத்தில் உண்ணக் காலடியில் நிற்கும். கினிப்பன்றியின் தாயகமாகிய அதே பெரு நாட்டின் லீமா நகரில் 1579இல் பிறந்தவர். விடுதலை பெற்ற கறுப்பினப் பெண்ணின் மகன். தொமினிக்கன் மடத்தில் சேருமுன் அவர் கற்ற தொழில் முடிதிருத்தலும் அறுவை மருத்துவமும். அந்நாளில் இரண்டும் ஒரே கைத்தொழிலாய் இருந்தன. நம் நாட்டிலும் முடிதிருத்துவோருக்கு 'மருத்துவர்' என்றே பெயர். ஊரார் நகத்தையும் அவர்களே களைந்தனர், கட்டியையும் அவர்களே கீறினர். செய்த சேவைக்கு ஈடாக நம் சமூகம் அவர்களுக்குத் தந்தது என்ன என்பதை எண்ணினால் தலை குனிய வேண்டியிருக்கிறது. லீமாவின் மடத்திலும் மார்ட்டினின் நிறத்தைச் சொல்லி இகழ்ந்தவர்கள் இருந்தனர். அவர்களுடைய புண்ணையும் அவரே கழுவினார். 1962இல் திருத்தந்தை 23ஆம் யோவான் அவரைப் புனிதராக அறிவித்தார்.

அன்று மருத்துவர் நுனிகளை மட்டும் எடுத்துவிட்டார். பத்து நாள் கழித்து, ஒரு சனிக்கிழமை முற்பகல், அறைவீட்டுத் திண்ணையில் மீதிப்பணி நடந்தது. நாம் மூக்குக் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டோம். உபதேசியாரின் மனைவி கைவிளக்கைப் பிடித்தார். சிறுமி மடியில் துணி விரித்துப் பிடித்துக்கொண்டாள். அவள் பிடித்த பிடியைச் சொல்ல வேண்டும். இறுக்கவுமில்லை, விடவுமில்லை. அது கீச்சிட்டது; உதைத்தது; ஒருமுறை நம் விரலைக் கௌவவும் செய்தது. அதற்கு நாம் யார்? தன்னைப் பிடித்து முடக்கி ஏதோ இரும்பைக் காலில் வைக்கிறவர். நன்மை செய்யப்படுகிறது என்று அதற்கு எந்தக் காலத்திலும் தெரியப்போவதில்லை. அவளோ அதன் காதருகே குனிந்து, "ஆச்சு, ஆச்சு, இன்னும் ஒண்ணுதான்" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். இன்னும் ஒன்பது இருந்தன. அந்தச் சொற்கள் அவளுடையவை அல்ல என்பது நமக்கு உடனே விளங்கிவிட்டது. அந்தத் தொனியில் ஒரு தாய் இருந்தார்.

14 முடிந்தது. விலங்கைப் பெட்டியில் விட்டோம். வெள்ளரித்துண்டைக் கண்டதும் பட்ட துன்பத்தை எல்லாம் மறந்து கொறிக்கத் தொடங்கிவிட்டது. சிறுமி எழுந்து போகவில்லை. சற்று நேரம் உட்கார்ந்திருந்தவள், தன் இரு கைகளையும் மடித்துணியின்மேல் விரித்து வைத்தாள். ஒன்றும் பேசவில்லை.

நாம் அப்போதுதான் பார்த்தோம். அந்த விரல்களின் நகங்கள் நீண்டிருந்தன. சில ஒடிந்திருந்தன, இரண்டு, கடித்துக் கடித்துச் சதைவரை போயிருந்தன. மாதத்தின் முதல் சனிக்கிழமை, மாதாவுக்குரிய நாள்; அன்று கினிப்பன்றிக்கு வெட்டி முடித்ததும், அதே திண்ணையில், அதே துணியின்மேல், மகளுக்கும் வெட்டிவிடுவது அந்தத் தாயின் வழக்கமாம். பின்னர் அறிந்தோம். அவர் நோயுற்றபின்பும், கை நடுங்கும்வரை, அது நின்றதில்லையாம்.

உபதேசியாரின் மனைவி கைவிளக்கைக் கீழே வைத்தார். "கொடு கண்ணு" என்று சொல்லி அந்தக் கையை எடுத்துத் தம் மடியில் வைத்துக்கொண்டார். அடக்கத்தின்போதும் முப்பதாம் நாளிலும் கண்ணீர் விடாத பெண் என்று ஊரே வியந்த அச்சிறுமி, மூன்றாம் விரலுக்கு வரும்போது அழத் தொடங்கினாள். அந்த அம்மையார் வெட்டுவதை நிறுத்தவில்லை. பத்து விரலும் முடியும்வரை அவள் அழுதாள், இவர் வெட்டினார். நாம் எழுந்து கோயிலுக்குள் சென்றுவிட்டோம்.

அன்று மாலை அந்த ஓட்டுநரை வரவழைத்துப் பேசினோம். குற்றம் சொல்வதற்கு அதில் ஏதுமில்லை. மனைவி போனபின் சோறு பொங்கக் கற்றிருந்தார். மகளுக்கு இரட்டைச் சடை பின்னவும் கற்றிருந்தார், கோணலாகவேனும். சீருடை, புத்தகம், மருந்து, பள்ளிக் கட்டணம் என்று ஒரு தாள் எழுதிச் சுவரில் ஒட்டிவைத்து ஒவ்வொன்றாய்ச் செய்து வந்தார். நகம் அந்தத் தாளில் இல்லை. எந்த வீட்டுத் தாளில் இருக்கிறது? அவர் தம் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "பாப்பாவுக்கு நான் வெட்டிருவேன், சாமி. அதுக்கு வெட்ட மட்டும் பயமா இருக்கு" என்றார். நாற்பது பேரை ஏற்றிக்கொண்டு மலைப்பாதையில் வளைவு வளைவாய் இறங்குகிறவர்.

அடுத்த மாதம் அவர் வெட்டினார். தொடர்ந்து வந்த மாதம் ஒரு நகத்தில் சிறிது ஆழமாகப் போய் இரத்தம் கசிந்துவிட்டது. மனிதர் நகவெட்டியை எறிந்துவிட்டு எழுந்துவிட்டாராம். மகள்தான் சோளமாவை வைத்து அழுத்திக்கொண்டே, "அம்மாவுக்கும் ஒரு தடவை இப்படி ஆச்சுப்பா" என்றாளாம். இதை நமக்குச் சொல்லும்போது அவர் சிரித்தார். மனைவி இறந்தபின் அவர் சிரித்து நாம் கண்டது அன்றுதான்.

இப்போது வெண்ணகங்கள் 11ஐயும் அவரே பார்த்துக்கொள்கிறார். கறுப்பு மூன்றுக்கு மட்டும் இன்னும் துணியவில்லை. மாதத்தின் முதல் சனிக்கிழமை, பணிநேரம் முடிந்து காக்கிச் சட்டையோடே வருவார். மகள் பெட்டியைச் சுமந்து வருவாள். கைவிளக்குக்கு மின்கலம் போட்டு வைத்திருக்கும்படி முன்தினமே சொல்லியனுப்பிவிடுகிறாள்.